சதுரக் குழிகள்

யாராவது என்ன வேலை என்று கேட்டால், "படம் பாக்கற வேலைங்க" என்பான் சபரிநாதன். கேட்டவர் சிரிப்பார். உண்மையும் அதுதான். டெக்ஸாஸ் ரிச்சர்ட்சனில், ஏதோ ஒரு டெலிகாம் கம்பெனி காலி பண்ணிவிட்டுப் போன கட்டடத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்க்க வேண்டும். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் தரையில் என்ன மாறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். கான்ஸஸில் சோயா வயல் வாடியிருக்கிறதா, எண்ணெய்க் குழாய்க்கு மேலே யாராவது ஷெட் போட்டிருக்கிறார்களா, இப்படி. கம்ப்யூட்டர் முதலில் பார்த்து, தனக்குச் சந்தேகமான இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டுவிடும். அந்தக் கட்டம் சரியா தப்பா என்று சொல்வது சபரியின் பாடு.

அதில் ஒரு வேலைமேல் மட்டும் அவனுக்குத் தனி ஆசை. பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளை ஒன்று, தெற்கு இராக்கில் சில மேடுகளைக் கண்காணிக்கக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. திருடர்கள் வந்து குழி தோண்டினால் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரு மேடு நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய நகரம். கோயிலும் அரண்மனையும் இருந்த பெரிய மேடு நடுவில். தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்றைத் தாண்டி மேற்கே போனால், தாழ்வாக இன்னொரு மேடு. அங்கேதான் அந்த நகரத்தின் தொழிற்பேட்டை இருந்தது. குயவர்கள், செம்பு உருக்குகிறவர்கள், தறிக்காரர்கள். புகையும் நாற்றமும் ஊருக்குள் வேண்டாம் என்று வெளியே தள்ளி வைத்திருந்தார்கள்.

முன்னொரு காலத்தில் அங்கே அகழாய்வு செய்தவர்களின் அறிக்கையைச் சபரி தேடிப் பிடித்துப் படித்தான். வேலைக்கு அது தேவையே இல்லை. வரிசை வரிசையாகச் சூளைகள், வேகும்போதே கோணிப்போன பானைகள், செம்புக் கிட்டம், தறியில் கட்டித் தொங்கவிட்ட மண் குண்டுகள். பொம்மை செய்யும் அச்சுகள்கூட இருந்தன. அந்த அச்சில் மண்ணை அழுத்தி எடுத்த உள்ளங்கை அளவுப் பொம்மைகளும் இருந்தன. மார்பில் கை சேர்த்து நிற்கும் பெண், தாளம் தட்டும் ஆள், சக்கரம் வைத்த குட்டி வண்டி. ஏழை வீட்டுக்கு என்று மொத்தமாகச் செய்து விற்ற சாமான்.

"ராஜா சாமானெல்லாம் அந்தப் பக்கம். இது நம்ம கோயமுத்தூர்ல குறிச்சி சிட்கோ எஸ்டேட் மாதிரின்னு வெச்சுக்க" என்று வான்மதியிடம் சொன்னான்.

"அப்ப நம்ம ஆளுகதான்" என்றாள் அவன் மனைவி. அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள். அவர்கள் மகள் அஞ்சனா, சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஸோ லைக், ஏன்ஷியன்ட் ஹோம் டிப்போ" என்று, வீடு கட்டும் சாமான் விற்கும் பெரிய கடையின் பேரைச் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள்.

நம்ம ஆளுக என்று வான்மதி சொன்னதில் விளையாட்டு மட்டும் இல்லை. சபரியின் அப்பா கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செங்கல் சூளை வைத்திருந்தவர். சபரி இன்ஜினியரிங் படித்ததே கல் அறுத்து வந்த காசில்தான். பிற்பாடு ஓடையை அழிக்கிறார்கள், யானைப் பாதையைக் கெடுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டு, அந்தப் பக்கத்துச் சூளைகளையெல்லாம் மூட வைத்தார்கள். மூடியது சரிதான் என்று சபரிக்கே தெரியும். ஓடை இருந்த இடத்தில் பனைமர ஆழத்துக்குப் பள்ளம் கிடந்ததை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். இருந்தாலும் அப்பா அதற்குப் பிறகு பழைய மனுஷராக இல்லை.

நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் பண்டிகை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்கு மேட்டின்மேல் மூன்று சிவப்புக் கட்டங்கள் விழுந்தன.

சபரி படத்தைப் பெரிதாக்கினான். குழிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் திருட்டுக் குழிகளை அவன் எத்தனையோ பார்த்தவன். அவை அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இருக்கும். தோண்டிய மண் விளிம்பிலேயே வளையமாகக் கிடக்கும். போலீஸ் வருமோ என்ற பயத்தில் தோண்டுகிறவனுக்கு மண்ணைத் தூரக் கொண்டுபோய்க் கொட்ட ஏது நேரம்? இந்தக் குழிகளோ சதுரமாக இருந்தன. விளிம்பில் மண் இல்லை. ஒரு பக்கம் சரிவாக, வண்டி இறங்கி ஏறத் தோதாக வெட்டியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு வீடு, ஆட்டுப்பட்டி, புகை படிந்து கறுத்த ஒரு தரை.

மண்ணை வாரிக் கொண்டுபோயிருக்கிறார்கள். மண்தான் வேண்டியிருந்திருக்கிறது. சபரிக்கு அது சட்டென்று புரிந்தது. சின்ன வயதில் அப்பாவின் டிப்பர் லாரி இறங்கிய பள்ளமும் இப்படித்தான் இருந்தது.

ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே 'சந்தேகம்' என்று ஒன்று உண்டு. அதைத் தட்டி, செங்கல்லுக்கு மண் எடுக்கும் குழியாக இருக்கலாம், விசாரிக்கவும் என்று குறிப்பு எழுதினான்.

மறுநாள் முகுந்த் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். முகுந்த் மயிலாப்பூர்க்காரன், சபரியைவிட இரண்டு வயது சின்னவன், சபரிக்கு மேனேஜர். நல்ல மாதிரி. அவனே இரண்டு தடவை லேஆஃப் ஆகி, பெட்டியைக் கட்டும் நிலைமை வரைக்கும் போய் மீண்டவன்.

"சபரி, மேற்கு மேடு டவுட்ஃபுல்னு போட்டிருக்கீங்களே?"

"ஷேப் சரியா இல்லைங்க முகுந்த். செங்கச் சூளைன்னு தோணுது."

"நம்ம கம்ப்யூட்டர் மாடல் தொண்ணூத்தி நாலு பர்சன்ட் கான்ஃபிடன்ஸ் காட்றது."

"மாடலுக்குச் சூளை தெரியாதுங்க. நாம அதுக்குச் சொல்லித் தரலை."

முகுந்த் சிரித்தான். "நீங்க சொல்றது புரியறது. ஆனா க்ளையன்ட் அடுத்த வாரம் போர்டு மீட்டிங்ல இந்த ரிப்போர்ட்டை ப்ரெசென்ட் பண்றா. டவுட்ஃபுல்னு பத்து ஐட்டம் போனா, அப்பறம் உங்களை எதுக்கு வெச்சிருக்கோம்னு கேப்பா. புரொடெக்டட் பவுண்டரிக்குள்ள தோண்டிருக்கான் இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ. யெஸ்ஸா, நோவா?"

தோண்டியிருந்தது நிஜம். எல்லைக்குள் தோண்டியிருந்ததும் நிஜம். அந்த மாதம்தான் சபரியின் கிரீன் கார்டு விஷயமாகக் கம்பெனி வக்கீலுக்கு முகுந்த் ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. முகுந்த் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சபரிதான் அதை நினைத்துக்கொண்டான்.

சீட்டுக்குத் திரும்பி வந்து, 'சந்தேகம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆம்' என்று மாற்றினான். குறிப்பையும் அழித்தான். அப்புறம் காபி எடுக்கப் போனான்.

டிசம்பர் நடுவில் அடுத்த படம் வந்தது. வீடு இல்லை. பட்டி இல்லை. கறுத்த தரைமேல் புல்டோசரின் தடங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. மூன்று குழிகளும் மூடப்பட்டிருந்தன.

அன்று மத்தியானம் மீட்டிங்கில் முகுந்த் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினான். "இந்தக் காண்டிராக்ட்ல நமக்கு முதல் நிஜமான இம்பாக்ட்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தர் சபரியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். உள்ளூர் போலீஸ் கைப்பற்றியது என்று அறக்கட்டளை அனுப்பியிருந்த போட்டோவும் வந்தது. ஒரு கம்பளியின்மேல் சுடுமண் பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். மார்பில் கை சேர்த்த பெண்கள், வண்டிச் சக்கரங்கள், பாதி உடைந்த ஓர் அச்சு. சபரி அறிக்கையில் கோட்டுச் சித்திரமாகப் பார்த்த சாமான்கள் இப்போது மண் ஒட்டியபடி கிடந்தன.

அவன் பார்த்தது அவற்றை அல்ல. கம்பளிக்குப் பின்னால், போட்டோவின் மேல் ஓரத்தில், இன்னும் சூளைக்குப் போகாத பச்சைச் செங்கல் அடுக்கியிருந்தது. காற்று புகுந்து காய்வதற்காக இடைவெளி விட்டு, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக. பாதி வரிசை நொறுங்கிச் சரிந்து கிடந்தது.

கை தட்டல் முடிவதற்குள் எழுந்து பாத்ரூமுக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

வீட்டில் வான்மதியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். தண்ணீரை வடித்தாள்.

"முதல்ல என்ன எழுதினீங்களோ அதுதானுங்க சரி?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு மாத்துனீங்க?"

அவன் குக்கர் மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"மாமா சூளைய மூடுனப்ப நீங்க என்ன சொன்னீங்க? ஏசி ரூம்ல உக்காந்து மேப்புல கோடு போட்டவனுக்கு என்ன தெரியும்னு சொன்னீங்களா இல்லையா? இந்தக் கிச்சன்லதான் நின்னு சொன்னீங்க."

"அது வேற, மதி."

"என்ன வேறங்க?"

குக்கரை வைத்துவிட்டு அவளே கொஞ்ச நேரம் கழித்து, இறங்கிய குரலில் கேட்டாள்: "இப்ப இதைக் கிளறுனா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" திட்டியதும் அவள்தான், பயந்ததும் அவள்தான்.

அறக்கட்டளைக்குப் போன அந்த ரிப்போர்ட்டுக்கு அரபு மொழியில் குறிப்புகள் எழுதிக் கொடுத்தவள் ஸைனப் என்ற பெண். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பண்ணுகிறாள், சொந்த ஊர் அதே மாகாணம். சபரி அவளுக்கு மெயில் போட்டான். கிரீன்வில் அவென்யூவில் ஒரு ரொட்டிக் கடையில் சந்தித்தார்கள். இங்கிலீஷில்தான் பேச்சு. சபரி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் தன் டீயைத் தொடவில்லை.

"அந்த வீட்டில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க முடியுமா?" என்று கேட்டான்.

"தெரிந்து என்ன செய்வாய்?"

"தப்பைத் திருத்தி எழுதிக் கொடுப்பேன்."

அவள் தன் சித்தப்பாவிடம் கேட்டாள். விவரம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வீட்டுக்காரரை அபு சலீம் என்று கூப்பிடுவார்கள், சலீமின் அப்பா என்று அர்த்தம். சுற்று வட்டாரத்துக்கு அவர்தான் செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். உப்புப் பாரித்து விவசாயம் செத்தபிறகு ஆரம்பித்த தொழில். போலீஸ் வந்து அவரையும் பெரிய மகன் சலீமையும் பிடித்துக்கொண்டு போயிற்று. மகனை விட்டுவிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"அப்போது அவர் திருடர் இல்லை" என்றான் சபரி.

ஸைனப் அவனை நேராகப் பார்த்தாள். "மண் வெட்டும்போது பொம்மைகள் வரும். அங்கே எங்கே வெட்டினாலும் வரும். வீட்டுப் பெண்கள் அவற்றை ஒரு தகர டின்னில் போட்டு வைப்பார்கள். எப்போதாவது ஒரு வியாபாரி வந்தால் நாலைந்தை எடுத்துக் கொடுப்பார்கள். அபு சலீம் வீட்டிலும் கொடுத்திருக்கிறார்கள். இது குற்றம்தான். எங்கள் சட்டத்திலும் குற்றம்." டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீ என்னிடம் எதைக் கேட்க வந்தாய்? அவர் நல்லவர் என்று சொன்னால் உனக்கு நிம்மதியா, திருடர் என்று சொன்னால் நிம்மதியா?"

இரண்டுமே நிம்மதி இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அப்படியும் எழுதினான். சதுரக் குழிக்கும் வட்டக் குழிக்கும் என்ன வித்தியாசம், சரிவு எதற்கு, மண் எங்கே போனது, கறுத்த தரை என்ன, எல்லாவற்றையும் படங்களோடு எழுதி, நான் முதலில் சந்தேகம் என்று குறித்திருந்தேன், பிறகு மாற்றினேன், மாற்றியது தவறு என்று முடித்து முகுந்திடம் கொடுத்தான்.

முகுந்த் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "ஆன்டிக்விட்டீஸ், அந்தப் பழைய பொம்மையெல்லாம் கெடச்சிருக்கே சபரி. நாம சொன்னது ரைட்டாத்தானே போச்சு?"

"கொள்ளைக் குழின்னு சொன்னோமுங்க. அது கொள்ளைக் குழி இல்லை. மண்ணு எடுத்த எடத்துல சாமான் கெடச்சது வேற விஷயம்."

"கோர்ட்ல நிக்கற மாதிரிப் பேசறீங்க."

"அங்க ஒருத்தர் உண்மையாவே ஜெயில்ல இருக்காருங்க."

முகுந்த் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "இந்த ப்ராஜெக்ட்ல நாலு பேர் இருக்கோம். ஃபால்ஸ் பாசிட்டிவ், தப்பாச் சொல்லிட்டோம்னு நாமளே எழுதிக் குடுத்தா காண்டிராக்ட் ரின்யூ ஆகாது. இதை நான் ஃபார்வர்டு பண்ண மாட்டேன். நீங்களா அனுப்பினா உங்களைத் தடுக்கவும் மாட்டேன். ஆனா அப்பறம் என்கிட்ட வராதீங்கோ."

சபரி அனுப்பினான். அறக்கட்டளையில் இந்த மேடுகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஹெலன் என்ற தொல்லியல் நிபுணருக்கு நேராகவே அனுப்பினான். அவர் இரண்டாம் நாளே போனில் பேசினார். வயதான, களைத்த குரல். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். அந்த மாகாணத் தொல்லியல் துறைக்கு இதைக் கட்டாயம் எழுதுவதாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஆனால் ஒன்று. திருடன் தோண்டினாலும் செங்கல்காரன் தோண்டினாலும் அந்த மேட்டுக்கு ஒன்றுதான். அந்த மூன்று குழிகளில் எத்தனை சூளைகள் போயினவோ, இனி யாருக்கும் தெரியாது. அதையும் நீங்கள் மறக்கக் கூடாது."

மறுக்க முடியாத பேச்சு.

ஜனவரியில் அவனை அந்த ப்ராஜெக்டிலிருந்து எடுத்துச் சோயா வயலுக்குப் போட்டார்கள். வேலை போகவில்லை. முகுந்த் அவனைப் பார்த்தால் வணக்கம் சொல்வான், நிற்க மாட்டான். வக்கீலுக்குப் போக வேண்டிய மெயில் போய்விட்டதா என்று கேட்கச் சபரிக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஸைனப்பிடமிருந்து போன் வந்தது. சபரி அப்போது அஞ்சனாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுப் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தான்.

"உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்" என்றாள். "அபு சலீமுக்குப் பக்கத்து நிலத்தில் ஜப்பார் என்று ஒருத்தர் இருக்கிறார். வாய்க்கால் தண்ணீர் விஷயமாக இரண்டு வீட்டுக்கும் பழைய சண்டை. அவர்தான் போலீஸுக்குக் காட்டிக் கொடுத்தார் என்று சலீம் நம்புகிறான். ஊரே நம்புகிறது. போன வாரம் சலீமும் அவன் மாமன்களும் போய் ஜப்பாரின் மாட்டுக் கொட்டகைக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். ஜப்பாரின் தம்பிக்குக் கை வெந்துவிட்டது. அடுத்து சலீம் பக்கம் யாராவது சாவார்கள். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான் போகும்."

சபரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதனின் கை வெந்திருக்கிறது.

"நான்தான் என்று சொல்லிவிடு" என்றான்.

"என்ன சொல்வது? டெக்ஸாஸிலிருந்து ஒருத்தன் ஆகாயத்தின் வழியாகப் பார்த்தான் என்றா? நம்புவார்களா?"

"நானே பேசிப் பதிவு பண்ணித் தருகிறேன். என் பேரைச் சொல்கிறேன். நீ அரபியில் சொல்லு."

"உன் கம்பெனி?"

"கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். என் பேரை மட்டும் சொல்வேன்."

அன்று மத்தியானம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். வான்மதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெயர் சபரிநாதன், ஊர் இந்தியாவில் கோயம்புத்தூர், நான் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன், உங்கள் வீட்டையும் குழிகளையும் படத்தில் பார்த்தவன் நான், அது செங்கல் மண் எடுக்கும் குழி என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் திருட்டுக் குழி என்று எழுதினேன், வேறு யாரும் சொல்லவில்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் சம்பந்தம் இல்லை. கடைசியில், என் அப்பாவும் செங்கல் சூளை வைத்திருந்தவர் என்று சேர்த்தான்.

ஸைனப் கேட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள். "எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன். கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன்."

"ஏன்?"

"அது அவர்களுக்குத் தேவையில்லை. உனக்குத்தான் தேவை."

அவன் சரி என்றான்.

அவள் சித்தப்பா அதைக் கொண்டுபோய், பெரியவர்கள் கூடும் மண்டபத்தில், இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம். முதலில் சபரியின் குரல், பிறகு ஸைனப்பின் அரபி. சிலர் நம்பினார்கள். ஜப்பார் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். சலீம் நம்பவில்லை, ஜப்பார்தான் அமெரிக்காவில் யாருக்கோ பணம் கொடுத்துப் பேச வைத்திருக்கிறான் என்று எழுந்து போய்விட்டான். ஆனால் மாமன்கள் நம்பினார்கள். மாமன்கள் இல்லாமல் சலீமால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு தீ வைப்பது நின்றது.

ஒரு பதிலும் வந்தது. அது சலீமின் அம்மாவின் குரல். பின்னால் ஏதோ வண்டி போகும் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம். ஸைனப் அதைப் போட்டுக் காட்டிவிட்டு மொழிபெயர்த்தாள்.

"அந்த ஆள் சொல்வது நிஜம் என்றால் சரி. மேலேயிருந்து எல்லாம் தெரியும் என்றால், என் வீட்டுக்காரரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லு. மூன்று ஜெயிலில் போய்க் கேட்டாயிற்று. எங்களிடம் இல்லை என்கிறார்கள். அவர் மூச்சிரைப்புக்காரர். மருந்து என் கையில் இருக்கிறது."

சபரி இதை எதிர்பார்க்கவில்லை. வசவு வரும், சாபம் வரும் என்று நினைத்திருந்தான். அதற்கெல்லாம் தன்னைத் தயார் பண்ணி வைத்திருந்தான்.

திங்கட்கிழமை ஆபீஸில், பார்க்கக் கூடாது என்று தெரிந்தே, படச் சேமிப்பைத் திறந்து அந்த மாகாணத் தலைநகரின் அந்த மாதத்துப் படத்தை எடுத்தான். ஸைனப் சொன்ன மூன்று ஜெயில்களையும் தேடினான். உயரச் சுவர்கள், மூலையில் கோபுரங்கள், தகரக் கூரைகள். ஒன்றில் முற்றத்தில் ஆட்களின் நிழல்கள் விழுந்திருந்தன, காலை வெயிலில் நீள நீளமாக, வரிசையாக. அதில் ஒருவர் அவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு நிழல் மட்டும் வரிசையிலிருந்து விலகி, குனிந்த மாதிரி இருந்தது. சபரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்க அது நிழலாகக்கூட இல்லாமல், சாம்பல் நிறச் சதுரங்களாகப் போயிற்று.

சாயங்காலம் ஸைனப்புக்குப் போன் பண்ணினான். "கூரைக்குக் கீழே இருப்பது தெரியாது. ஆள் முகமும் தெரியாது. என்னால் சொல்ல முடியவில்லை."

"அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது" என்றாள். "தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்கிறேன்."

"வேண்டாம். தெரியவில்லை என்றே சொல்லு. இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒரு தடவை எழுதியாயிற்று. போதும்."

"சரி, அப்படியே சொல்கிறேன்" என்றாள். அவன் பேச்சை அவள் முதன்முதலாக மதித்த மாதிரி இருந்தது. அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது.

டாக்டர் ஹெலனுக்கு மட்டும் இன்னொரு மெயில் எழுதினான். அந்த மனிதருக்கு மூச்சிரைப்பு, மருந்து வீட்டில் இருக்கிறது, உங்களுக்கு அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எந்த ஜெயில் என்றாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று. அவர் கேட்டாரோ இல்லையோ, மாகாணத் தொல்லியல் துறையில் ஒருவர் போய் விசாரித்தாரோ என்னவோ, மார்ச் கடைசியில் ஆள் இருக்கும் இடம் தெரிந்தது. அது அந்த மூன்று ஜெயில்களில் ஒன்றும் அல்ல. பக்கத்து மாகாணத்தில் வேறு ஒன்று. மருந்து போய்ச் சேர்ந்தது. வெயில் ஏறியபிறகு ஒரு நாள் அபு சலீமை விட்டார்கள். வழக்கு முடியவில்லை, கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

ஸைனப் இதைச் சொன்னபோது சபரி ரொம்ப நேரம் கேள்வியாகக் கேட்டான். எப்படி இருக்கிறார்? இளைத்திருக்கிறார். எங்கே இருக்கிறார்கள்? மனைவியின் அண்ணன் வீட்டில், டவுனில், ஒரு அறையில். சூளை? இல்லை, அந்த இடத்தில் இனி யாரையும் விட மாட்டார்கள், வேலி போட்டாயிற்று. ஜப்பாரோடு? சண்டை இல்லை, பேச்சும் இல்லை. என் குரலை அவருக்குப் போட்டுக் காட்டினார்களா?

"காட்டினார்கள்" என்றாள். "பாதி கேட்டார். போதும், நிறுத்து என்றாராம். காய வைத்திருந்த கல்லை யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேட்டாராம்."

"எடுத்து வைத்தார்களா?"

"இல்லை. மழையில் கரைந்துவிட்டது."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. இனி அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. அவளும் பரீட்சை இருக்கிறது என்று போனை வைத்தாள்.

கம்பெனியில் அந்த ஒப்பந்தம் ரின்யூ ஆயிற்று. டாக்டர் ஹெலன் வற்புறுத்தியதால், 'செங்கல் மண் எடுப்பு' என்று தனியாக ஒரு வகை சேர்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குச் சூளை எப்படி இருக்கும் என்று சொல்லித் தர மாதிரிப் படங்கள் வேண்டும் என்று முகுந்த் சபரியிடம் கேட்டான். வராந்தாவில் நின்று, முகத்தைப் பாராமல் கேட்டான். சபரி உட்கார்ந்து, கோவைப் பக்கத்துப் பழைய படங்களிலிருந்து நிறைய எடுத்துக் கொடுத்தான். அதில் அப்பாவின் பள்ளமும் ஒன்று. எது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் வான்மதி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. சோயா வயல்ல தண்ணி நிக்குது" என்றான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அஞ்சனா கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் எதையோ கேட்டாள். அவன் காதில் விழவில்லை. "அப்பா, ஆர் யூ ஈவன் லுக்கிங்?" என்று அவள் இரண்டாம் தடவை கேட்டபிறகுதான், "காட்டு கண்ணு, எங்க?" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்தான்.